நெல்டா திருப்பிக் கொடுத்த அட்டை

நெல்டா சோரன்சன் உயிரோடுதான் இருந்தாள், அதுவும் கல்லுக்குண்டு மாதிரி. ஆனாலும் அந்த மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் அவள் சமையல் மேடையில் நான்கு தட்டு உருளைக்கிழங்கு வந்து சேர்ந்துவிட்டது. சீஸும் க்ரீமும் போட்டுப் பிசைந்து, மேலே கார்ன்ஃபிளேக்ஸை நொறுக்கித் தூவிச் சுட்டெடுத்த கிழங்கு. அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தின் நடுவில் எங்கள் பள்ளத்தாக்கில் அந்தப் பண்டத்தை இழவு வீட்டுக்குத்தான் எடுத்துப் போவார்கள்.

நான்காவது தட்டோடு வந்தவள் அர்லீன், நெல்டாவின் கணவன் தேய்னுக்கு அக்கா.

"என்ன பண்றதுன்னே தெரியல நெல்டா. விஷயத்தைக் கேட்டதும் கை தானா கிழங்கை உரிக்க ஆரம்பிச்சிடுச்சு."

"நான் இன்னும் சாகலையே அர்லீன்."

"செத்திருந்தாக்கூட மனசு ஆறிடும். மேல போய்ப் பாத்துக்கலாம்னு இருக்கும்." சொல்லிவிட்டு அர்லீன் ஓவென்று அழுதாள். அவள் கொண்டுவந்த கிழங்கிலேயே ஒரு கரண்டி எடுத்து அவளுக்குக் கொடுத்து, நெல்டாதான் அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பினாள்.

விஷயம் இதுதான். ஐம்பத்தெட்டு வயதில் நெல்டா மார்மன் சபையை விட்டுக் கத்தோலிக்கத் திருச்சபையில் சேரப்போகிறாள். ஏப்ரலில் ஈஸ்டருக்குத் திருமுழுக்கு. ஜூனில் அவளுடைய ஒரே மகள் மார்சிக்குக் கல்யாணம். எங்கள் ஆட்களின் கல்யாணம் குன்றின்மேல் இருக்கும் வெள்ளை ஆலயத்துக்குள் நடக்கும். இன்னார் சபையில் ஒழுங்காக இருக்கிறார் என்று பிஷப் கையெழுத்துப் போட்ட அட்டை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அட்டை இல்லையென்றால் பெற்ற தாயும் வெளியேதான். முதலில் வெளியே ஒரு கல்யாணம், பிறகு ஆலயத்தில் என்று வைத்துக்கொள்ளலாமே என்றால், நடுவில் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. 2009ஆம் வருஷம் அது. காத்திருக்கும் பெண்ணைப் பற்றி ஊர் என்னென்ன பேசும் என்று சொல்லவே வேண்டாம். ஆகவே, ஈஸ்டருக்கு நெல்டா தண்ணீரில் இறங்கினால் மகள் கல்யாணத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. இதற்காகத்தான் ஊரே உட்கார்ந்து கிழங்கு உரித்தது.

ஏதோ கோபத்தில் கிளம்புகிறவள் என்று அவளை நினைத்துவிடக் கூடாது. அவளுடைய கொள்ளுப்பாட்டன் இந்தச் சபைக்காகவே டென்மார்க்கிலிருந்து வந்து, கைவண்டி இழுத்துக்கொண்டே சமவெளியைக் கடந்தவர். நெல்டா இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். அவள் சுட்ட பன்னைத் தின்னாமல் எங்கள் ஊரில் ஒரு பிள்ளை வளரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு வயதுக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்தாள். யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முதலில் கதவைத் தட்டும் கை அவளுடையதாக இருக்கும். சபை விலக்கிவைத்த காபியை மோந்துகூடப் பார்த்ததில்லை. இப்படிப்பட்டவள் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஆரம்பித்து வைத்தது எலோய்சாவின் கால். மெக்சிகோக்காரி, அதே சமையலறையில் பாத்திரம் கழுவுபவள். ஈரத்தரையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். அவள் புருஷனுக்கு வான்கோழித் தொழிற்சாலையில் சனிக்கிழமை சாயங்கால ஷிஃப்ட். கத்தோலிக்கக் கோயில் பூசைக்குக் கூட்டிப்போக ஆளில்லை என்று அவள் புலம்பியபோது, "நான் ஓட்டிட்டு வர்றேன், அதுக்கென்ன" என்று நெல்டா சொல்லிவிட்டாள். முதல் வாரம் காரிலேயே இருந்து ஸ்வெட்டர் பின்னினாள். இரண்டாவது வாரம் குளிர் தாங்காமல் உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். சனிக்கிழமை பூசை என்பதால் ஞாயிற்றுக்கிழமைச் சபைக்கு எந்தக் குறையும் வரவில்லை. இரண்டு மாதத்தில் எலும்பு கூடிவிட்டது.

"எனக்குக் கால் சரியாயிடுச்சு, பாரு," என்று எலோய்சா நடந்து காட்டினாள்.

"தெரியுது. வண்டியில ஏறு," என்றாள் நெல்டா.

அந்தக் கடைசி பெஞ்சில்தான் அவளுக்குத் தூக்கம் போயிற்று. அப்போஸ்தலர்கள் இறந்த பிறகு உண்மையான சபை பூமியிலேயே இல்லாமல் போய்விட்டது, ஆயிரத்தெழுநூறு வருஷம் கழித்து அமெரிக்காவில் ஓர் இளைஞன் வழியாகத்தான் திரும்பி வந்தது என்பது எங்கள் பாடம். துணியில் வெட்டிய பொம்மைகளைப் பலகையில் ஒட்டி ஒட்டி நெல்டாவே அதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். இப்போது எதிரே, தொழிற்சாலைக் குளிரில் விரல் வெடித்த பெண்கள் முழங்காலில் நிற்கிறார்கள். இவர்களுடைய அம்மா, அவளுடைய அம்மா, அதற்கும் முன்னால் எத்தனையோ அம்மாக்கள். அத்தனை பேரும் கும்பிட்டதை வாங்கிக்கொள்ள ஆளில்லாமலா இருந்திருக்கும்? இந்தக் கேள்வியை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

பங்குத்தந்தை ஃபாதர் ஃபெர்மினிடம் போய் உட்கார்ந்தாள். பரம பிதாவுக்கு நம்மைப் போலவே சதையும் எலும்பும் உண்டு, அவரும் ஒருகாலத்தில் மனிதராக இருந்து உயர்ந்தவர் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். அந்தப் பிதாவை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். சொந்த மாமா மாதிரி.

"எல்லாத்தையும் உண்டாக்கினவரை யாரும் உண்டாக்கலம்மா," என்றார் ஃபாதர்.

"சரி. அவருக்கு முன்னால?"

"முன்னாலங்கறதையும் அவர்தான் உண்டாக்கினார்."

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் பன் மாவு இரண்டு தரம் பொங்கி வழிந்தது. நெல்டா பார்த்துக்கொண்டேதான் நின்றாளாம்.

சண்டையும் வராமல் இல்லை. மார்மன் முழுக்கு கத்தோலிக்கர் கணக்கில் செல்லாது, புதிதாகப் பெற வேண்டும் என்று ஃபாதர் சொன்ன அன்று நெல்டா எகிறிவிட்டாள்.

"எட்டு வயசுல எங்கப்பா என்னைத் தண்ணியில முக்கினார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி பேராலதான் முக்கினார். அது எப்படிச் செல்லாமப் போகும்?"

"வார்த்தை அதேதான்மா. அந்த வார்த்தையால அவங்க சொல்ற கடவுள் வேற, நாங்க சொல்ற கடவுள் வேற. எங்க முழுக்கையும் உங்க சபை ஏத்துக்கறதில்லையே."

"அப்ப ரெண்டு கூட்டமும் ஒருத்தர் தண்ணிய ஒருத்தர் நம்பறதில்ல. ரொம்ப லட்சணம்! ஃபாதர், ஒண்ணு சொல்றேன். எங்கப்பா அன்னைக்கு நடுங்கிக்கிட்டே நின்னார். அதை வெறும் குளியல்னு சொன்னீங்கன்னா இப்பவே எந்திரிச்சுப் போயிடுவேன்."

"சொல்லமாட்டேன்," என்றார் ஃபாதர். "உங்களுக்குக் கும்பிடக் கத்துக்குடுத்தது அவங்கதான். அதுக்கு நன்றி சொல்லிட்டு வாங்க. திட்டிட்டு வர்றவங்க எங்களுக்கும் வேண்டாம்."

மற்ற யாரையும்விட தேய்னிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஆலயத்தில் செய்த கல்யாணம் சாவோடு முடியாது, புருஷன் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாரும் என்றென்றைக்கும் ஒன்றாக இருப்பார்கள் என்பது எங்கள் நம்பிக்கையின் உயிர்நாடி. சபையிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் அந்த முடிச்சும் அவிழ்ந்துவிடும். தேய்ன் வான்கோழிக் கொட்டகையில் தீவனக் குழாயை முடுக்கிக்கொண்டிருந்தான். அவள் சொல்லி முடிக்கிறவரை ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

"நம்மளைச் சேத்து வச்சது அறுந்துபோயிடும். தெரியுமில்ல?"

"அது அவங்க சொல்றது தேய்ன்."

"நான் சொல்றது. நானும் அவங்கள்ல ஒருத்தன்தான்." பிறகு கேட்டான்: "உங்க ஃபாதர் என்ன சொல்றார், செத்த பிறகு?"

"கல்யாணம் சாவு வரைக்கும்தான்னு சொல்றார். அதுக்கு மேல அன்பு இருக்கும், ஆனா வேற மாதிரின்னு."

"அப்ப முப்பத்தாறு வருஷமா நான் வாடகைக்கா இருந்தேன்?"

நாலாயிரம் வான்கோழிகள் ஒரே நேரத்தில் கத்தின. வேறு நாளாக இருந்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அன்றிலிருந்து தேய்ன் அவளோடு பேசுவது "பால் இருக்கா", "சாவி எங்க" என்கிற அளவுக்குச் சுருங்கிவிட்டது. திட்டியிருந்தாலாவது பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

மார்சி வேறு ரகம். அம்மா தைத்துக்கொண்டிருந்த கல்யாண உடைக்கு அளவு கொடுக்க வந்தவள், குண்டூசி குத்தக் குத்த அழுதாள்.

"ஜூன் முடியட்டும்மா. அதுக்கப்புறம் நீ புத்த மதத்துலயே சேரு, நான் ஏன்னு கேக்கமாட்டேன். இந்த ஒரு நாள் மட்டும் என்கூட இரு."

நெல்டா கிட்டத்தட்ட சரி என்று சொல்லிவிட்டாள். வாய்வரை வந்ததாம். ஃபாதரிடம் பேசி அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடலாம், கடவுள் ஒரு வருஷம் பொறுக்கமாட்டாரா என்று இரண்டு நாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிஷப் லவார் வந்தார். எங்கள் பிஷப்புகள் சம்பளம் வாங்குகிறவர்கள் இல்லை, ஊரில் ஒருவர்தான். லவாருக்குக் குழாய் ரிப்பேர் வேலை. வேலை உடையிலேயே, கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சிஸ்டர் சோரன்சன், சபையிலேர்ந்து பேரை எடுக்கச் சொல்லி நீங்க எழுதின கடிதம் என் டிராயர்லயே தூங்கட்டும். நான் இன்னும் படிக்கல. உங்க ஆலய அட்டை ஆகஸ்ட் வரைக்கும் செல்லும். நான் எதுவும் கேக்கப்போறதில்ல, நீங்களும் எதுவும் சொல்லாதீங்க. உள்ள போய் உங்க பொண்ணு கல்யாணத்தைப் பாருங்க. ஈஸ்டர் வருஷா வருஷம் வரும். மார்சி கல்யாணம் ஒரு தரம்தான்."

அவர் கண் கலங்கியிருந்தது. மேலிடத்துக்குத் தெரிந்தால் அவர் பாடுதான் திண்டாட்டம். எங்கள் சபையை விட்டுப் போகிறவர்களை யாரும் கயிறு போட்டுக் கட்டுவதில்லை. இப்படித்தான் அன்பாக வந்து எதிரே உட்கார்ந்துகொள்வார்கள், காலை எடுத்து வைக்கவே முடியாது.

தன் மனதில் இருந்ததையே இன்னொருவர் வாயால் கேட்டபோதுதான் நெல்டாவுக்கு அது என்னவென்று உறைத்தது. கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்தாள்.

"வாசல்ல ஒரு பெரியவர் இதை வாங்கிப் பாப்பார், பிஷப். பாத்துட்டு, 'வாங்க சிஸ்டர்'னு சிரிப்பார். இதை வாங்கினப்ப நீங்க கேட்டதுக்கெல்லாம் நான் ஆமான்னு சொன்னேன், அன்னைக்கு அது நிஜம். இன்னைக்கு இல்ல. அந்த மனுஷன் சிரிப்பை நான் ஏமாத்தி வாங்கணுமா? நான் நம்பாத இடமா இருக்கலாம். என் வீட்டுக்காரர் நம்பற இடம். அங்க போய் நான் பொய்யா உக்காரமாட்டேன்."

"யாருக்கும் தெரியாது, சிஸ்டர்."

"லவார்," என்றாள் நெல்டா, பிஷப்பை விட்டுவிட்டுப் பழைய பையனைப் பார்த்து. "நாலாங்கிளாஸ்ல நீ ரெண்டு பன் எடுத்துட்டு ஒண்ணுதான்னு சாதிச்சே. நான் என்ன சொன்னேன்?"

லவார் தலையைக் குனிந்துகொண்டார். "பன் ரெண்டையும் வச்சுக்க, பொய்யைத் திருப்பிக் குடுன்னு சொன்னீங்க."

அட்டையை அவர் சட்டைப் பையில் அவளே வைத்துவிட்டாள். எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் இவ்வளவு மரியாதையாக யாரும் ஒரு சபையை விட்டுப் போனதில்லை.

ஈஸ்டருக்குத் தேய்ன் வரவில்லை, மார்சி வரவில்லை. அர்லீன் வந்தாள். கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு முழுப் பூசைக்கும் இருந்துவிட்டு, "தண்ணி ரொம்பக் கொஞ்சமாத்தான் ஊத்தினாங்க" என்று குறை சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் வந்தது. உடையை நெல்டா தைத்து முடித்திருந்தாள். முழுக்கை, ஏறின கழுத்து, சுத்த வெள்ளை, ஆலயத்து விதி ஒன்றுகூட விடாமல். ஆலய வாசலில் மார்சி அவளைக் கட்டிக்கொண்டு விடவில்லை. "போ, நேரமாச்சு," என்று நெல்டா அவளைப் பிரித்து உள்ளே தள்ளினாள். தேய்ன் திரும்பிப் பார்க்காமல் போனான். கதவு மூடிக்கொண்டது.

புல்வெளியில் ஒரு மரத்தடியில் நெல்டா உட்கார்ந்தாள். கூப்பிடாமலே எலோய்சா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நெல்டாவின் கையில் ஜெபமாலை இருந்தது, விரல் பத்தாவது மணியைத் தாண்டி நகரவில்லை. மகள் இப்போது எங்கே நிற்பாள், இப்போது என்ன சொல்வாள் என்று அவளுக்கு அடி அடியாகத் தெரியும். அதுதான் கொன்றது. சரியானதைச் செய்தால் மனம் லேசாகிவிடும் என்று சொல்கிறார்களே, அதெல்லாம் சும்மா. அவளுக்கு நெஞ்சு தீயாக எரிந்தது.

"அழுதுடு நெல்டா," என்றாள் எலோய்சா.

"மாட்டேன். போட்டோ எடுப்பாங்க."

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. சொந்தங்கள் கைதட்டின. புது மாப்பிள்ளையை அப்படியே விட்டுவிட்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மார்சி புல்லில் ஓடி வந்தாள்.

"அம்மா, உள்ள நடந்ததைச் சொல்லக் கூடாது. ஆனா இது சடங்கு இல்ல, அதனால சொல்றேன். முன் வரிசையில அப்பா பக்கத்துல ஒரு நாற்காலி, பொண்ணோட அம்மாவுக்குன்னு. உள்ள ஒரே கூட்டம், நிக்கக்கூட இடமில்ல. அர்லீன் அத்தை அதுல உக்காரப் போனாங்க. அப்பா கையை வச்சு மறிச்சுட்டார்."

"ஏன்? என்ன சொன்னார்?"

"'இங்க ஆள் இருக்கு'ன்னார். கடைசி வரைக்கும் அதுமேல வச்ச கையை எடுக்கவே இல்ல. அத்தை நின்னுகிட்டேதான் பாத்தாங்க."

நெல்டா நிமிர்ந்து பார்த்தாள். தேய்ன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படியிறங்கி வந்துகொண்டிருந்தான். போட்டோக்காரர் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். நெல்டா ஒரு அடி தள்ளியே நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வா நெல்டா," என்றான் தேய்ன். "அங்க நின்னா படத்துல விழமாட்டே."

மூன்று மாதத்தில் அவன் அவளிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். நெல்டா கிட்டே போனாள், அவன் தோளில் முகத்தை வைத்து, அத்தனை பேர் முன்னால், ஆலய வாசல் அதிர அழுதாள். அந்தப் படத்தில் மணப்பெண்ணின் அம்மாவுடைய முகமே தெரியாது. மார்சி வீட்டில் மாட்டியிருப்பது அதைத்தான்.