பின்சீட்டு

சென்னையில் பழைய கார்களின் ஏலம். எங்கள் அப்பா ஒரு காலத்தில் ஓட்டிய, கூரையை மடக்கித் திறக்கும் நீலக் காரைப் புதுசாக்கி நிறுத்தியிருந்தார்கள். பழைய நம்பரை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தவள் என் தங்கை மல்லிகா. கதவைத் திறந்ததும் தோல் சீட்டின் வாசனை வந்தது.

அந்தக் கார் எங்களிடம் இருந்தபோது எனக்கு ஒன்பது வயது. திருக்காட்டுப்பள்ளியில் எங்களுக்கு ரைஸ்மில் இருந்தது. ஐப்பசி மழையில் அம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. அப்பா அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்துத் தஞ்சாவூருக்குக் காரை விரட்டினார். மூட இழுத்த கார்க் கூரை பாதியில் சிக்கிக்கொண்டது. நான் அம்மாவின் முகத்துக்கு மேல் சாக்கை விரித்துப் பிடித்திருந்தேன். வாய்க்கால் உடைந்து ரோட்டில் வெள்ளம் ஓடியது; கார் நின்றுபோனது.

"யாராவது வாங்களேன்!" என்று அப்பா வயலைப் பார்த்துக் கத்தினார்.

நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். மல்லிகா அந்த சீட்டிலேயே பிறந்தாள். அம்மா அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"குளிருதுங்க. புள்ளைய மூடுங்க" என்றாள் அப்பாவிடம்.

டிராக்டரில் ஏற்றித் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு உயிர் இல்லை. அப்பா அந்த மாதமே காரை விற்றுவிட்டார்.

ஏலத்தில் நாங்கள் கேட்கக் கேட்க ஒரு ஹோட்டல் முதலாளி விடாமல் விலையை ஏற்றினார். கடைசியில் அவர் பேரிலேயே முடிந்தது. மல்லிகா ஓடிப்போய் அவர் எதிரில் நின்றாள்.

"சார், எங்க அம்மா என்னைத் தூக்கி வச்சிருந்தது இந்த வண்டியில மட்டும்தான் சார்."

அவர் போய்க் கார்க் கதவைத் திறந்தார். பிறகு முன்சீட்டை மடக்கி வழிவிட்டார்.

"உட்காருங்கம்மா."

காரை ஏற்றிப்போக லாரி வரும்வரை மல்லிகா இறங்கவில்லை.