அம்மாவின் பெருவிரல்

தம்பிக்குக் கழுத்து நின்ற சமயம், தொட்டிலிலிருந்து அவனைத் தூக்கிய அம்மா, "ஐயோ" என்று கத்திக் கையை விட்டுவிட்டாள். அவன் தொட்டில் துணிக்குள்ளேயே விழுந்ததால் தப்பித்தான். அதற்குப் பிறகு அவள் அவனைத் தூக்கும்போதெல்லாம் நான் ஓடிப்போய் இரண்டு கைகளையும் கீழே ஏந்திக்கொண்டு நிற்பேன்.

அம்மாவின் வலது பெருவிரலுக்கு அடியில், மணிக்கட்டை ஒட்டிப் புளியங்கொட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. நாங்கள் ஏற்காட்டில் ஓர் எஸ்டேட்டில் குடியிருந்தோம். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் அது. அத்தை எண்ணெய் காய்ச்சி அழுத்தி நீவிவிட்டாள்; வீக்கம் கூடியதுதான் மிச்சம். அப்பா மாரமங்கலத்தில் எலும்புக்கட்டு வைத்தியரிடம் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு வந்தார். முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தமாவும் குழைத்துப் போட்ட கட்டு. அது இருந்தவரை வலி அடங்கியிருந்தது. பழம் பறிக்க அவிழ்த்ததும் திரும்பி வந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஆபரேஷன்னு கையில கத்தி வெச்சிருவாங்க" என்றாள் அத்தை. கையையே எடுத்துவிடுவார்கள் என்று நான் புரிந்துகொண்டேன்.

கடைசியில் ஏற்காடு டவுனில் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். பெருவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடிக்கச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்தார். அம்மா துடித்துப்போனாள்.

"கையை வெட்டிருவீங்களா?" என்று நான் அழுதுவிட்டேன்.

"இல்ல கண்ணு, அதெல்லாம் வேண்டாம்" என்றவர், அம்மாவிடம் திரும்பினார். "பெருவிரலை அசைக்கிற தசைநார் போற உறை வீங்கியிருக்கு. இனி நீவாதீங்க. விரல் அசையாம இருக்கப் பட்டை தர்றேன். போட்டுக்கிட்டுச் சில வாரம் கைக்கு ஓய்வு கொடுத்தாலே பலருக்குச் சரியாயிரும். கேக்கலேன்னா அந்த இடத்துல ஊசி போடலாம். அது வலியைச் சீக்கிரம் அடக்கும்."

"ஏனுங்க, பட்டையோட பழம் பறிக்கலாமுங்களா?"

"கூடாதும்மா. குழந்தையையும் அந்தக் கையால தூக்கக் கூடாது."

அம்மா கையை அவர் முன்னால் நீட்டினாள். "ஊட்ல அத்தனை நாள் உக்கார முடியாதுங்க, கூலி போயிருமுங்க. ஊசியே போட்டுருங்க."

"ஊசி போட்டாலும் கொஞ்ச நாள் ஓய்வு வேணும்மா."

"சரிங்க" என்றாள் அம்மா.

வீங்கிய இடத்திலேயே ஊசி இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவளிடமிருந்து சத்தமே வரவில்லை.

வலி குறையத் தொடங்கியதுமே அவள் கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். எங்கள் அம்மாவுக்குப் பயமே கிடையாது என்று பள்ளிக்கூடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவள் பயந்தது ஓய்வுக்கு என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.