சித்தப்பாவின் ஆட்டக்காரர்கள்

என் சித்தப்பாவுக்கு வேலை டிஷ் மாட்டுவது. சந்தவாசலிலிருந்து பைக்கில் மலையேறி, ஜவ்வாது மலை ஊர்களில் கூரை கூரையாக ஏறி இறங்குவார். கூரைமேல் நின்றால் பிள்ளைகள் பந்து விளையாடும் இடம் நன்றாகத் தெரியும். டி.வி.யில் படம் வந்த பிறகும் அவர் இறங்க மாட்டார். "இன்னாங்க, இன்னுமா சரியாவல?" என்று வீட்டுக்காரர்கள் கீழிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்களாம்.

ஒரு காலத்தில் அவரும் பெரிய கால்பந்து ஆட்டக்காரராக வேண்டும் என்றிருந்தவர்தான். முழங்கால் போனதோடு அது முடிந்தது. பிறகு மற்றவர்களின் கால்களைப் பார்க்கத் தொடங்கினார். ஞாயிறு முழுக்க மலையில் அலைந்துவிட்டு, காலைத் தாங்கித் தாங்கி வீட்டுக்கு வருவார். பள்ளியில் அக்காவுக்குக் கொடுத்த லேப்டாப்பை எடுத்து என் முன்னால் வைப்பார். அவருக்கு ஒற்றை விரலால்தான் தட்டத் தெரியும். அன்று பார்த்த பையன்களைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல நான் ஏற்றுவேன். பெயர், ஊர், வயது, எந்தக் கால். கடைசிக் கட்டத்துக்குக் 'குறை' என்று பெயர். 'பந்தை யாருக்கும் தர மாட்டான்', 'சீக்கிரம் அழுவான்', 'அப்பா விட மாட்டார்' என்று அது நீண்டுகொண்டே போகும். எனக்குக் கொட்டாவி வரும்.

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கற மாதிரி மலையெல்லாம் சுத்தறாரு" என்பாள் அம்மா.

காவலூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் அண்ணாமலை என்று ஒருவன் கிடைத்தான். இடது கால். அவனுக்கு மட்டும் குறைக் கட்டத்தில் எதையும் எழுத வேண்டாம் என்றார் சித்தப்பா. வயது என்ன என்று கேட்டதற்கு அவன் அம்மா, "எங்க வூட்டுக்குக் கரண்டு வந்த வருசம் பொறந்தாங்க" என்றாளாம். சித்தப்பா அந்த வருடத்தை விசாரித்துக் கணக்குப் போட்டார். பதினைந்து என்று நான் ஏற்றினேன்.

வேலூரில் பதினாறுக்குட்பட்டோர் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவனைக் கூட்டிப்போனார். லேப்டாப்போடு நானும் போனேன். இரவல் பூட்ஸ் அவன் காலுக்குப் பெரிது. கொஞ்ச நேரம் தடுமாறியவன், அதைக் கழற்றிக் கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டு ஆடினான். தேர்வு செய்ய வந்தவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்தார். சித்தப்பா கோல் விழும்போதெல்லாம் என் தோளை அழுத்தினார். வலித்தது.

ஆட்டம் முடிந்து மேசைக்குக் கூப்பிட்டார்கள். ஆதார் அட்டையில் அவனுக்குப் பதினேழு. அண்ணனோடு ஒரே வகுப்பில்தான் உட்காருவேன் என்று சின்ன வயதில் அவன் அழுததற்காக, வாத்தியார் இரண்டு வயதைக் கூட்டி எழுதிக்கொண்டாராம். அதுவே அட்டையிலும் ஏறிவிட்டது.

சித்தப்பா லேப்டாப்பைத் திறந்து, தேர்வு செய்ய வந்தவர் பக்கம் திருப்பினார். "அவங்கம்மாகிட்டயே கேட்டு எழுதினதுங்க. வேணும்னா நேர்ல வந்து கேளுங்க."

"புரியுது சார். ஆனா இது நீங்களா டைப் பண்ணதுதான?"

"இல்ல, நான்தான் டைப் பண்ணேன்" என்றேன் நான், கொஞ்சம் பெருமையாகவே.

மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சித்தப்பா லேப்டாப்பை மூடினார்.

பஸ்ஸில் அண்ணாமலை ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிப்போனான். இறங்கும்போது, "அப்ப நான் கேரளாவுக்கு வேலைக்குப் போய்ட்டு வரட்டுங்களாண்ணா? அண்ணன் கூப்புட்டுனே இருக்கான்" என்றான். சித்தப்பா தலையை மட்டும் அசைத்தார்.

அடுத்த ஞாயிறு அவர் பைக்கை எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். பகலெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். சாயங்காலம் நான் எழுப்பினால் எழுந்து வந்து கேரம் ஆடுவார். காய் விழுந்தாலும் விழாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் நான்தான் ஜெயித்தேன்.

"இப்பத்தான் மனுசனுக்குப் பொறுப்பு வந்திருக்கு" என்றாள் அம்மா.

எனக்கும் அப்படித்தான் பட்டது. சித்தப்பாவை வீட்டிலேயே இருக்க வைத்த அந்த ஆதார் அட்டைக்கு நான் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.