பலகையில் ஒரு காலி இடம்

வினிஃப்ரெட் ஹாலமிடம் ஒரு திருப்புளியை வாங்கிவிட்டு, கமுக்கமாகப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட முடியும் என்று யாராவது நினைத்தால், அவர்கள் ஸ்காரோபி விமானக் காட்சியகத்துக்குப் புதிது என்று அர்த்தம். வின் பள்ளிக்கூடச் சமையலறையில் காலம் தள்ளியவள். ஒரு கரண்டி குறைந்தால் மொத்தப் பிள்ளைகளையும் உட்காரவைத்துவிட்டுக் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தவள். ஓய்வு பெற்றால் மட்டும் மனுஷி மாறிவிடுவாளா என்ன? கரண்டி போய் ஸ்பேனர் வந்தது, அவ்வளவுதான்.

இங்கே முதலில் வந்தது அவள் புருஷன் டெஸ்மண்ட். இங்கிலாந்தின் லிங்கன் நகர பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன். வீட்டில் சும்மா இருந்தால் நல்ல கடிகாரத்தையெல்லாம் கழற்றிப் போடுகிறான் என்று அவள்தான் துரத்திவிட்டாள். ஒருநாள் அவனுக்கு சாண்ட்விச் கொண்டுவந்தவள், ஸ்பேனர்கள் பழைய பிஸ்கட் டப்பாவில் கலந்து கிடப்பதைப் பார்த்தாள். வயிறு எரிந்தது. அன்றைக்குக் கோட்டைக் கழற்றி மாட்டியவள்தான். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூட விட்டதில்லை.

அவர்களுடைய விமானத்தின் பெயர் எத்தல். அந்தக் காலத்துக் கான்பெர்ரா ரகக் குண்டுவீச்சு ஜெட். துண்டுதுண்டாக லாரியில் வந்து இறங்கியபோது இஞ்சினுக்குள் குருவி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. எத்தல் இனிப் பறக்கப் போவதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். இஞ்சினைக் கிளப்பி, ஓடுபாதையில் உறுமிக்கொண்டு ஒரு ஓட்டம் ஓடினால் போதும். அதற்காகத்தான் இத்தனை கிழங்களும் வாரம் தவறாமல் குளிரில் வந்து, எண்ணெயில் புரண்டு, தேநீர் நேரத்தில் பெயின்ட் நிறத்துக்காக அடித்துக்கொண்டார்கள். விமானத்தின் வயிற்றுக்கடியில் எண்ணெய் சொட்டுவதற்குத் தட்டு வைத்திருப்பார்கள். சொட்டவில்லையென்றால்தான் பயப்பட வேண்டும், உள்ளே ஒன்றுமில்லை என்று பொருள்.

கருவிகளுக்கு வின் ஒரு பெரிய பலகை செய்தாள். ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வெள்ளைப் பெயின்டில் வரைந்து ஆணி அடித்தாள். எடுப்பவர் தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையை அந்த ஆணியில் மாட்ட வேண்டும். ஒரே ஒரு இடம் காலியாக இருந்தாலும் இஞ்சினைத் தொடக்கூடாது. ஓடுகிற இஞ்சினுக்குள் ஒரு ஸ்பேனர் போனால் என்ன ஆகும் என்று சொல்லித்தான் தெரியவேண்டுமா? தொலைத்தவர் கருவிப்பெட்டி மேல் ஏறி நின்று, பெயரையும் தொலைத்ததையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். அடுத்த சனிக்கிழமை கேக் கொண்டுவர வேண்டும். தொலைத்த அன்றைக்கு விமானி இருக்கையில் உட்காரவே கூடாது. போன வருஷம் டெஸ்மண்டையே ஏற்றினாள். கட்டின புருஷன் என்று ஒரு இம்மி தயவு காட்டவில்லை.

அந்த வருஷத்தின் கடைசிப் பார்வையாளர் நாள் வந்தது. எத்தல் முதன்முதலாக ஓடப்போகிறது, ஓட்டப்போவது டெஸ்மண்ட். தூறலில் சனங்கள் மடக்கு நாற்காலியும் பிளாஸ்குமாக வேலியோரம் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று மணிக்கு ஸ்காரோபி தேவாலயத்தில் ஒரு கல்யாணம், அதற்குள் சத்தத்தை நிறுத்திவிடுகிறோம் என்று பாதிரியாரிடம் வாக்குக் கொடுத்திருந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து படம் எடுக்கிற பெண்ணும் வந்திருந்தாள். வின் பளிச்சென்று சிவப்பு உதட்டுச்சாயம் பூசியிருந்தாள். டெஸ்மண்டுக்கு அதைப் பார்த்து ஒரே சிரிப்பு.

"என்ன வின், எத்தலுக்குப் பூசின மிச்சமா?"

"வாயை மூடிக்கிட்டு மேல ஏறு. ஓடுபாதையை விட்டுப் புல்லுல இறக்கினே, நைட்டு சோறு கிடையாது."

ஏணியில் அவன் கால் வைக்கப் போனபோதுதான் அவள் வழக்கம்போலப் பலகையைப் பார்த்தாள். ஒரு இடம் காலி. நீளக் கம்பியின் நுனியில் காசளவு கண்ணாடி வைத்த கருவி அது. பல் டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்ப்பாரே, அதற்கு அண்ணன் மாதிரி. எட்டாத இடுக்குகளைப் பார்க்க உதவும். ஆணியில் தொங்கியது டெஸ்மண்டின் வில்லை.

"நில்லு! கண்ணாடி எங்கே?"

"காலையில சீட்டுக்குப் பின்னாடி குழாயைப் பார்த்தேன். கொண்டுவந்து உன் மேஜையில வெச்சேனே."

"வெச்சியா, வெச்சதா நினைக்கிறியா?"

அந்தக் கேள்வியில் அவன் முகம் வெளுத்தது. அந்த வருஷம் முழுக்க அவனுக்கு இப்படித்தான். மூக்குக்கண்ணாடி ஃப்ரிட்ஜில் கிடந்தது. ஒரு தடவை அடுப்பில் வைத்த கெட்டில் தீய்ந்தே போனது. அவன் அப்பா கடைசிக் காலத்தில் பெற்ற மகனையே பார்த்து யாரென்று கேட்டவர். மகனுக்கும் அது வந்துவிடுமோ என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத பயம்.

தேடினார்கள். இருக்கையைத் தூக்கினார்கள், தரைத் தகட்டைக் கழற்றினார்கள், எண்ணெய்த் தட்டில் கையை விட்டுத் துழாவினார்கள். மணி இரண்டரையைத் தாண்டியது. ஓய்வு பெற்ற பல் டாக்டர் கிளைவ், டெஸ்மண்டோடு ஓட்டப் பழகியவர், அவளிடம் வந்து கெஞ்சினார்.

"வின், சனங்க நனையிறாங்க. ஒரு சின்னக் கண்ணாடிதானே? என் வாழ்க்கையில எத்தனை பேர் வாயில அதை விட்டிருக்கேன், யாரும் வெடிச்சதில்ல."

"யாரும் முழுங்கினதில்லையே? காலியா இருந்தா காலிதான்."

டெஸ்மண்ட் காதுக்கவசத்தைக் கழற்றி கிளைவ் கையில் கொடுத்தான்.

"கிடைச்சா நீயே ஓட்டு, கிளைவ். நான்தான் எங்கயோ போட்டிருக்கேன். எனக்கு ஞாபகமே இல்ல."

யாரிடமும் கோபப்படாமல் சொன்னான். அதுதான் வின்னுக்குத் தாங்கவில்லை. சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். கண் கலங்கியது. மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை தேடிக் கைப்பைக்குள் கையை விட்டாள். கம்பி ஒன்று விரலில் இடித்தது.

ஐயோ! காலையில் படம் எடுக்கிற பெண் வருகிறாள் என்றதும் அவசர அவசரமாக உதட்டுச்சாயம் பூசினாளே, எதைப் பார்த்துப் பூசினாள்? மேஜையில் கிடந்த கண்ணாடியைப் பார்த்துத்தான். பூசி முடித்ததும் சாயத்தோடு சேர்த்து அதையும் வாரிப் பைக்குள் போட்டிருக்கிறாள். பலகையைக் கட்டிக் காத்த மகராணி!

ஒரு நொடி அவளுக்கும் புத்தி குறுக்கே போனது, பொய் சொல்வானேன். இருக்கைக்கடியில் நழுவவிட்டு "இதோ இருக்கு" என்றால் மானம் தப்பிவிடும். ஆனால் அப்படிச் செய்தால் கிளைவ் ஓட்டுவார். டெஸ்மண்ட் வேலியோரம் நின்றுகொண்டு, அப்பாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டது என்று இருக்கிற நாளெல்லாம் நம்பிக்கொண்டிருப்பான்.

விறுவிறுவென்று போனாள். ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினாள். கருவிப்பெட்டி மேல் ஏறினாள்.

"நான் வினிஃப்ரெட் ஹாலம். தொலைச்சது கண்ணாடி. இருந்தது என் கைப்பையில. லிப்ஸ்டிக் போடறதுக்கு எடுத்தேன். டெஸ்மண்ட் அதை ஒழுங்கா கொண்டுவந்து என் மேஜையிலதான் வெச்சான். அவன் ஞாபகத்துல ஒரு குறையும் இல்ல. கேட்டுச்சா, டெஸ்? ஒரு குறையும் இல்ல!"

 வேலியோரம் மொத்தக் கூட்டமும் சிரித்த சிரிப்பில் மடக்கு நாற்காலிகள் ஆடின. கிளைவ் கண்ணில் நீர் வரச் சிரித்தார். போன வருஷம் கேக் சுட்டுக் கொண்டுவந்தவர்களெல்லாம் கைதட்டினார்கள், வஞ்சனையே இல்லாமல்.

டெஸ்மண்ட் மட்டும் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கிளைவிடமிருந்து காதுக்கவசத்தை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு, இருபது வயசுப் பையன் மாதிரி ஏணியில் ஏறினான்.

டமார் என்று இஞ்சின் கிளம்புகிற வெடிச்சத்தம், குபுகுபுவென்று கரும்புகை. எத்தல் உறுமியது. ஓடுபாதையில் போய்த் திரும்பி வந்தது, புல்லில் இறங்காமலே. இஞ்சின் அடங்கி மூச்சுவிடுவதற்குள் கல்யாண மணி அடிக்கத் தொடங்கியது. வின் இன்னும் பெட்டி மேல்தான் நின்றாள். முகமெல்லாம் புகைக்கரி, பல்லில் லிப்ஸ்டிக். பத்திரிகையில் வந்தது அந்தப் படம்தான்.

டெஸ்மண்ட் இறங்கி வந்து அவளுக்குக் கை கொடுத்தான்.

"அந்த அரை மணி நேரம் நான் எங்கப்பாவாவே ஆயிட்டேன், வின்."

"தெரியும்."

"மைக்கெல்லாம் தேவையா? எங்க பத்து பேருக்கு முன்னாடி சொன்னா போதுமே, அதுதானே நீ போட்ட சட்டம்?"

"உனக்குக் காது மந்தம். கேட்காமப் போயிட்டா?"

பலகைக்குப் போய்க் கண்ணாடியை அதன் இடத்தில் மாட்டினாள். ஆணியிலிருந்த பித்தளை வில்லையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் கையை மூடிக்கொண்டான். வில்லையோடு அவள் விரல்களும் உள்ளே மாட்டிக்கொண்டன, அவளும் இழுத்துக்கொள்ளவில்லை.