அடுத்த ஸ்டேஷன் வேலை

இடது மேல்மூலையில் சுட்டுவிரலை வைத்து வலக்கோடி வரை இழுத்து, ஓர் அங்குலம் இறக்கி, மறுபடி இடக்கோடிக்கு இழுத்து, இப்படியே அடிவரைக்கும் கோடு போட்டு முடித்த பிறகுதான் சுகப்பிரியா எந்தப் போனையும் காதில் வைப்பாள். கூடவே சத்தம் கூட்டும் பொத்தானில் ஒரு அழுத்து, குறைப்பதில் ஒரு அழுத்து. சங்கரன்கோவிலிலிருந்து அப்பா கூப்பிட்டு மணி அலறிக்கொண்டிருந்தாலும் சரி, இந்தச் சடங்கு நடந்தாக வேண்டும்.

"ஏட்டி, போன எடுத்தா பேசணும். இவ கோலம்லா போடுதா!" என்பாள் அறைத்தோழி உச்சிமாகாளி.

ஒரகடம் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் சுகப்பிரியா இரண்டு வருஷம் பார்த்தது அந்த வேலைதான். லைனில் வரும் ஒவ்வொரு போனின் திரையையும் தடவிப் பார்த்து, டச் சரியாக இருந்தால் அடுத்த ஸ்டேஷனுக்குத் தள்ள வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை திரை என்று அவள் எண்ணியதில்லை. எண்ணினால் தலை சுற்றும். அந்த வேலையை விட்டுவிட்டு பி.எட். சேர்ந்து இது இரண்டாவது வருஷம். ஆள் வந்துவிட்டாள், விரல் மட்டும் இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் அவர்கள் இருக்கும் அறையில் மூன்று பேருக்கு ஒரே பிளக். அதில் ஏழு ஒயர் தொங்கும். சுகப்பிரியாவின் சொந்தப் போனுக்கு நெற்றியில் விரிசல். சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்கினால் சொல்லாமல் கொள்ளாமல் மயக்கம் போட்டுவிடும். அதனால் எங்கே போனாலும் ஒரு பவர் பேங்க் கூடவே போகும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. காலையில் அந்தப் போனில் மூன்று அலாரம். ஒவ்வொன்றுக்கும் அவளே பெயர் வைத்திருக்கிறாள்: 'எழுந்திரு சுகா', 'சொன்னேன்ல', 'உருப்பட்டாப்லதான்'. பெரும்பாலும் மூன்றாவதுக்குத்தான் எழுவாள்.

மாலையில் அரிசி டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்து, அதன் முன்னால் நின்று பாடம் நடத்துவாள். போனுக்கு நடத்துவதில் அவளை அடிக்க ஆளில்லை. குறை ஒன்றே ஒன்றுதான்: வாக்கியத்துக்கு வாக்கியம் 'சரியா?' வந்து விழும். ஜபம் எண்ணுவதற்கு விரலில் மாட்டிக்கொள்வார்களே, அந்தக் குட்டி கவுண்டரை உச்சிமாகாளி கோயில் தெருவில் வாங்கி வந்தாள். 'சரியா?' வரும்போதெல்லாம் படுத்தபடியே ஒரு அழுத்து.

"நாப்பத்தி ஒண்ணு. நாமம் சொல்லியிருந்தாலும் புண்ணியம் உண்டும்ட்டி."

விளையாட்டெல்லாம் அறைக்குள்ளேதான். பென்னலூர்ப் பக்கத்துப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி முடிந்து, செய்முறைத் தேர்வு நாள் குறித்தாகிவிட்டது. வெளியிலிருந்து தேர்வாளர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பீரியட் பார்ப்பார். தேறினால் டீச்சர், தேறாவிட்டால் பழைய லைன். முந்தின ஞாயிறு கடைத்தெருவில் பழைய சூப்பர்வைசர் செங்கமலம் அக்கா எதிர்ப்பட்டார். "பாஸாவலன்னா இன்னா இப்போ? வந்துடு. உன் ஸ்டேஷன் எங்க போவப்போவுது?" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். அதைக் கேட்டதிலிருந்துதான் சுகப்பிரியா முதல் அலாரத்துக்கே எழத் தொடங்கினாள்.

தேர்வன்று காலை தன் போனை நம்ப அவளுக்குத் துணிவில்லை. தன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து அசந்து தூங்கிய உச்சிமாகாளியை எழுப்பிக் கேட்டு, தலைமாட்டிலிருந்த அவள் போனை எடுத்துக்கொண்டாள். கோடு போட்டாள். டச் நன்று. சத்தம் நன்று. போதாதா? கிளம்பிவிட்டாள்.

ஏழாம் வகுப்பு, ஒளிப் பாடம். எந்தப் பொருள் வழியே ஒளி போகும், எது வழியே போகாது என்று தொடங்கினாள். பத்து நிமிடத்தில் பன்னிரண்டு 'சரியா?' உதிர்ந்தாயிற்று. கடைசி பெஞ்சில் தேர்வாளர் வரலக்ஷ்மி மேடம் முகத்தை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"இப்போ ஒரு வீடியோ பார்க்கலாம், சரியா?" என்று புத்தகத்திலிருந்த க்யூஆர் கோடுக்கு நேராகப் போனைப் பிடித்தாள். திரை கன்னங்கரேலென்று இருந்தது. நகர்த்திப் பிடித்தாள், அப்போதும் இருட்டு. பதற்றத்தில் விரல் தானாகக் கோடு போட்டது. டச் அருமையாக இருந்தது, யாருக்கு வேண்டும்! செங்கமலம் அக்காவின் குரல் காதில் கேட்டது.

"மிஸ், பின்னாடி ஸ்டிக்கர் ஒட்டிகினு கீது மிஸ்!" என்று முன்வரிசை கத்தியது.

"எங்கம்மா போன்லயும் இருக்கும் மிஸ். படம் எடுக்கக் கூடாதுன்னு கம்பெனி கேட்ல ஒட்டுவாங்க!"

போனைத் திருப்பினாள். காமிராக் கண்ணின் மேல் நீல நிறத்தில் வட்ட ஸ்டிக்கர். வெளியே வந்ததும் பிய்த்துப் போட வேண்டியதை, 'மறுக்கா ஒட்டத்தான போறான்' என்று உச்சிமாகாளி அப்படியே விட்டுவிடுவாள். சுகப்பிரியா அதைக் கவனிக்காததற்கும் காரணம் உண்டு. அவள் வேலை பார்த்த கம்பெனியில் ஸ்டிக்கர் கிடையாது, சொந்தப் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்; லைனிலோ, இரண்டு வருஷத்தில் அவள் ஒரு போனைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. காமிரா அடுத்த ஸ்டேஷன் வேலை.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வகுப்பும் சேர்ந்து சிரித்தது. மனப்பாடம் செய்த மிச்சப் பாடம் எங்கோ போயே போய்விட்டது.

"இந்த ஸ்டிக்கர் வழியா ஒளி போகுமா?"

"போகாது மிஸ்!"

ஸ்டிக்கரை உரித்தாள். மேசை தெரிந்தது, பிள்ளைகள் தெரிந்தார்கள். யாரோ நீட்டிய மிட்டாய்த் தாளைக் காமிரா மேல் வைத்தாள். எல்லாம் மங்கலாயிற்று.

"அப்போ கம்பெனில ஏன் மிட்டாய்த் தாள் ஒட்டல?"

"அரைகுறையா தெரியும் மிஸ்! ரகசியம் பூடும்!"

ஸ்கேல், டிபன் டப்பா மூடி, தண்ணீர் பாட்டில், ஒருத்தியின் ரிப்பன் என்று ஒவ்வொன்றாகக் காமிராவுக்கு முன்னால் வந்து போயின. மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை. உச்சிமாகாளி அங்கே இருந்திருந்தால் இந்த அரைமணி நேரமும் கவுண்டரை அழுத்த வேலையே இருந்திருக்காது.

வராந்தாவில் வரலக்ஷ்மி மேடம் நிறுத்தினார். "பாடத்திட்டத்துல வீடியோன்னு எழுதியிருக்கே. காட்டவே இல்லையேம்மா?"

"மறந்துட்டேன் மேடம்."

"நல்லவேளை மறந்தே. எங்க காலேஜ் பொண்ணுங்களுக்கு இதே பாடத்தை நீ வந்து எடுத்துக் காட்டணும். மார்க் எல்லாம் நன்னாவே போட்டாச்சு, அதை நினைச்சுக் கலங்காதே. இதுல உன் நம்பரைப் போடு." மேடம் தன் போனை நீட்டினார்.

சுகப்பிரியா இரண்டு கையாலும் வாங்கினாள். மேடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் மேல்மூலையிலிருந்து அடிவரைக்கும் கோடு போட்டு முடித்தது. அப்புறம் போனைத் திருப்பி, காமிராவை முந்தானையால் ஒரு தரம் துடைத்துவிட்டு, நம்பரை அழுத்தத் தொடங்கினாள்.