பெரியம்மா மீன் சாப்பிட்ட மலை

லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு பெரியம்மாவுக்கு உரியது. மீன் வாடைகூட அங்கே எட்டக் கூடாது. அம்மாவின் அக்காவான அவர் எங்களோடுதான் இருந்தார். ஊரில் போரின் கடைசி நாட்களில் அவருடைய ஒரே மகன் காணாமல் போயிருந்தார். மகன் திரும்பி வரும்வரை மீனோ இறைச்சியோ தொடுவதில்லை என்று பெரியம்மா நேர்த்தி வைத்திருந்தார். அந்த அண்ணாவை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் விஷயம் எனக்குத் தெளிவாகவே இருந்தது: ஒருநாள் அண்ணா வருவார், அன்றைக்குப் பெரியம்மா மீன் சாப்பிடுவார்.

எனக்கு எட்டு வயதான கோடையில் அப்பா எங்களை ஜமெய்க்காவுக்குக் கூட்டிப்போனார். கூட வேலை செய்த ஒருவர் தன் நாட்டுச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே அப்பாவை மயக்கியிருந்தார். கடற்கரையில் கிடந்து எல்லோருக்கும் அலுத்தபின், மலைப்பாதையில் அங்கங்கே இறங்கி உள்ளூர்ச் சாப்பாடு சாப்பிட்டு மாலையில் திரும்புவதென்று அப்பா டிரைவரோடு ஒரு வாடகை வான் பிடித்தார். பெரியம்மா பிஸ்கட்டும் வாழைப்பழமும் பையில் போட்டுக்கொண்டார்.

பாதைக்கு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அடி தெரியாத பள்ளம். டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் ஹார்னை அமத்திவிட்டுச் சிரித்தார். புகையில் வாட்டிய கோழி, முழுதாகத் தணலில் சுட்ட ஈரப்பலாக்காய், வாய் வெந்துபோகும் ஒரு மிளகாய்ச் சட்னி என்று அப்பா ஓரிடமும் விடவில்லை. பெரியம்மா எங்கேயும் இறங்காமல் ஜன்னலோரம் மழைமேகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஆற்றோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. பருத்த பெண் ஒருத்தி முழு மீனாகப் பொரித்து, வினாகிரியில் ஊறிய வெங்காயத்தையும் மிளகாயையும் மேலே அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே பெரியம்மா இறங்கினார். நேரே போய் ஒரு மீனைக் கைகாட்டினார்.

"அக்கா, அது மீன்" என்றார் அம்மா.

"தெரியும்."

அங்கே கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து கையால் சாப்பிடத் தொடங்கினார். முள்ளை விரல் நுனியால் உருவி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அம்மாவின் கையிலிருந்த கோழித்துண்டு கீழே விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. அப்பா ஆற்றை ஆராயத் தொடங்கிவிட்டார்.

எனக்கோ சந்தோஷத்தில் மூச்சு முட்டியது. அண்ணா வந்துவிட்டார்! யாரோ போனில் சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவு பெரிய செய்திக்கு இவர்கள் ஏன் இப்படிக் கல்லாக நிற்கிறார்கள் என்று புரியவில்லை. எங்கள் வீட்டுக்கே சந்தோஷப்படத் தெரியாது என்று முடிவுகட்டி, அந்தப் பெண்ணிடம் ஓடினேன். காணாமல் போன இவருடைய மகன் திரும்பி வந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவள் கடவுளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வெளியே வந்தாள். பெரியம்மாவின் எண்ணெய்க் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு அழுதாள். இருந்ததிலேயே பெரிய மீனைக் கொண்டுவந்து தட்டில் வைத்தாள். டிரைவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து வாழ்த்துச் சொன்னார்.

பெரியம்மா ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு அவர்களிடம் "தாங்க் யூ" என்றார். அந்த இரண்டாவது மீனையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அம்மா போய் வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் மெல்லப் பெரியம்மாவின் அருகில் போனேன். "அண்ணா இப்ப எங்க நிக்கிறார்?" என்று கேட்டேன்.

"அண்ணா வரேல்லை, பிள்ளை. எனக்குப் பசிச்சது."

சொல்லிவிட்டுக் கை கழுவ ஆற்றுப் பக்கம் இறங்கினார். பெரியவர்கள் தாங்களே வைத்த நேர்த்தியைப் பசிக்காக முறிப்பார்கள் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை. இத்தனை வருஷம் பொறுத்தவர் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? அப்பாவும் அதற்குப் பிறகு எங்கேயும் நிறுத்தச் சொல்லவில்லை. இறங்கும் வழியெல்லாம் அம்மா சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தார்.

லண்டனுக்குத் திரும்பிய வாரமே பெரியம்மா தானாகவே கடைக்குப் போய் மீன் வாங்கிக் குழம்பு வைத்தார். நான் தொடவில்லை. அண்ணா வரவேண்டுமென்றால் வீட்டில் யாராவது ஒருவர் சாப்பிடாமல் இருக்க வேண்டும் அல்லவா? பள்ளிக்கூடத்தில் தந்த மீனைக்கூடப் பக்கத்துப் பிள்ளையின் தட்டில் போட்டேன். பெரியம்மா காரணம் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து எனக்கென்று கொஞ்சம் பருப்பு வைத்துத் தந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பார்.

அன்று போனில் எந்தச் செய்தியும் வந்திருக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது. மகன் இனி வரமாட்டார் என்று பெரியம்மா அந்த மலையின் ஏதோ ஒரு வளைவில் தானே முடிவெடுத்திருந்தார். அம்மாவுக்கு அது உடனேயே விளங்கியிருந்தது; எனக்கு அப்போது தெரியாது. பெரியம்மா நேர்த்தியை முறித்துவிட்டாரே என்றுதான் அம்மா வானுக்குள் அழுதார் என நினைத்து, அம்மாவின் பக்கம்தான் நியாயம் என்று நெடுநாள் இருந்தேன்.