தார்ச்சாலையில் நின்று எடுத்த படம்

ஒரு கேமரா வாங்க மெவ்லிதாவுக்கு நான்கு மாதம் ஆயிற்று. மக்லாய் என்ற அந்தச் சிற்றூரில் கேமராக் கடை ஒன்றுதான். பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை முடிந்து வீடு திரும்பும்போது அங்கே ஏறி, ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்ப்பாள், திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவாள்.

"அக்கா, படம் நல்லா வரணும்னா லென்ஸ் மாத்துற கேமராவா எடுங்க. பூவுக்கு ஒண்ணு, பறவைக்கு ஒண்ணு" என்றான் கடைக்காரன்.

"அதையெல்லாம் தூக்கிட்டு அலைய எனக்குத் தோள்ல பலம் இல்லப்பா. ஒரே கேமராவுல கிட்ட இருக்கறதும் விழணும், தூரத்துல இருக்கறதும் விழணும். நான் ரோட்டுலதான் நிப்பேன். அங்கேருந்தே எல்லாம் கிடைக்கணும்."

ஏன் ரோட்டில் என்று அவன் கேட்கவில்லை. அந்த ஊரில் யாருமே கேட்கமாட்டார்கள். போர் முடிந்த அடுத்த வசந்தத்தில் அவள் கணவர் விறகு வெட்ட மலைக்குப் போனார். போர்முனையில் கீறல்கூடப் படாமல் திரும்பியவரை ஒரு கண்ணிவெடி கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு பதினேழு வருடமாக அவள் ஊருக்கு வெளியே தார்ச்சாலையை விட்டு இறங்கியதில்லை.

கடைசியில் ஐம்பது மடங்கு ஜூம் உள்ள கேமரா ஒன்றை வாங்கினாள். கைக்கு அடக்கமாக இருந்தது. ஆற்றின் அக்கரையில் கொக்கு மீனைக் கொத்துவதை இக்கரை நடைபாதையில் நின்றபடியே எடுத்தாள். அன்று இரவு அந்தப் படத்தைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பாள்.

எதிர்வீட்டு ரெஃபிக் பேருந்து ஓட்டுநர். அவருக்கும் இதே பைத்தியம்தான். பெரிய கேமராவும், மிகக் கிட்டத்தில் வைத்துப் பூச்சியின் மீசையைக்கூட எண்ணிவிடக்கூடிய லென்ஸும் வைத்திருந்தார். அவளுடையதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கேமராவா மெவ்லிதா? பைனாகுலருக்குப் பொறந்த பிள்ளை மாதிரி இருக்கு. முழுசா இழுத்தா படம் கஞ்சியாக் கலங்கிடுது பாரு."

"கலங்கினா கலங்கட்டும் அண்ணே. உங்கள மாதிரி மண்ணுல குப்புறப் படுக்க நான் வரல."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய பழைய காரில் இருவரும் கிளம்புவார்கள். அவர் மனைவி ஷெம்சா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பீத்தாவும் குடுவையில் காப்பியும் கொடுத்தனுப்புவாள்.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில், ஆளில்லாத ஒரு குக்கிராமத்தின் அருகே காரை நிறுத்தினார்கள். சாலையோரம் மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை. அதற்குப் பின்னால் காடாகிப் போன பிளம் தோட்டம். மெவ்லிதா ஜூமை நீட்டிப் புல்லுக்குள் துழாவினாள். தேனீ உட்கார்ந்திருப்பது போன்ற கீழிதழுள்ள காட்டு ஆர்க்கிட் பூ ஒன்று தென்பட்டது. படமெடுத்துத் திரையைக் காட்டினாள்.

"அடேயப்பா!" என்றார் ரெஃபிக். "இத நான் ஏழு வருஷமாத் தேடறேன். ஆனா உன் படத்துல வெறும் கறையாத்தான் தெரியுது. ஒரு சாண் தூரத்துலேருந்து எடுக்கணும்."

"அண்ணே, பலகையப் பாருங்க."

"பலகை வச்சு எத்தன வருஷமாச்சு! அந்த அடிமரத்தப் பாரு, வெட்டுன வாசனைகூடப் போகல. ஆளுங்க வந்து போய்க்கிட்டுத்தான் இருக்காங்க."

அவள் அவருடைய சட்டையைப் பிடித்தாள். அவர் சிரித்துக்கொண்டே கையை விடுவித்துக்கொண்டார். பழைய வண்டித்தடத்துக் கற்களில் கால்வைத்துப் போய்ப் பூவின் முன்னால் மண்டியிட்டார். கற்களில் நடந்து போகும்போது ஒன்றும் மண்டியிட்டபோது ஒன்றுமாக மெவ்லிதா அவரை இரண்டு படம் எடுத்தாள். எழுந்து கையசைத்தார். திரும்பும்போது கற்களில் வராமல் குறுக்கே வந்தார்.

வெடிச்சத்தம் அடங்கியதும் அவள் ஒரு காலைப் புல்லில் வைத்துவிட்டாள்.

"வராத! அங்கேயே நில்லு!" என்று அவர் கத்தினார்.

காலை எடுத்துக்கொண்டாள். போனில் போலீஸைக் கூப்பிட்டாள். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அறுபது அடிதான் இருக்கும். ஆனாலும் புல் மறைத்ததால் வெறும் கண்ணுக்கு அவர் தெரியவில்லை. கேமராவை உயர்த்திப் பிடித்து, புல்லின் இடைவெளியில் அவர் முகத்தைக் கண்டுபிடித்தாள். பெல்ட்டைக் கழற்றித் தொடையில் கட்டச் சொன்னாள். கட்டினார். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். முதலில் பதில் வந்தது. பிறகு உதடு மட்டும் அசைந்தது.

கண்ணிவெடி அகற்றும் குழு வந்து சேர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதன் தலைவர் அவள் கேமராவை வாங்கி, அவள் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ரெஃபிக் எந்தெந்தக் கல்லில் கால் வைத்துப் போனார் என்று கணக்கிட்டார். அந்தத் தடத்திலேயே உள்ளே போய், அங்கிருந்து அவர் கிடந்த இடம்வரை மட்டும் மண்ணைச் சோதித்துத் தூக்கி வந்தார்கள்.

"இந்தப் படம் இல்லேன்னா இன்னும் ஒரு மணி நேரம் ஆயிருக்கும்மா" என்றார் தலைவர்.

ஆனால் போகும் வழியிலேயே ஆம்புலன்ஸில் உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் மெவ்லிதா எதிர்வீட்டுக்குப் போனாள். ஷெம்சா உள்ளே கூப்பிடவில்லை.

"அந்தப் பூவ அவருக்குக் காட்டினது யாரு?"

"நான்தான் அண்ணி."

"அவர் அங்க கெடக்கும்போதும் கேமராவக் கண்ணுல வச்சுக்கிட்டுத்தான் நின்னியாமே. போலீஸ்காரன் சொன்னான்."

புல்லிடையே தெரிந்த அந்த முகம் கண்ணிலிருந்து மறைந்துவிடக் கூடாதென்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல நினைத்தாள். கதவு சாத்தப்பட்டது.

நவம்பரில் ஷெம்சா கன்னம் வீங்கிப் பல் மருத்துவரிடம் வந்தாள். ஊரில் வேறு பல் மருத்துவர் கிடையாது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மருத்துவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி முடிக்கும்வரை மெவ்லிதா அவள் தலையை இரு கைகளாலும் தாங்கிப் பிடித்திருந்தாள். பிறகு பல் இருந்த பள்ளத்தில் பஞ்சை வைத்தாள்.

"அரை மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருங்க. சூடா எதுவும் குடிக்காதீங்க."

ஷெம்சா தலையை மட்டும் அசைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு, மழையில் இறங்கிப் போனாள்.